கோமாரி ஊசி போட்டதும் முகம் வீங்கிய மாடு: அடுத்த முறை போடலாமா?

கேள்வி: எங்களிடம் இரண்டு ஜெர்சி கலப்பு மாடுகள் உள்ளன. 12 நாளைக்கு முன் ஊர் முகாமில் கோமாரி தடுப்பூசி போட்டோம். கறவை மாட்டுக்குக் கழுத்தில் எலுமிச்சை அளவு கட்டி. பாலும் வேளைக்கு 5 லிட்டரிலிருந்து மூன்றரைக்கு இறங்கி, இப்போதுதான் ஏறியிருக்கிறது. 5 மாதச் சினை மாட்டுக்கோ ஊசி போட்ட கால் மணி நேரத்தில் கண் இமை, மூஞ்சி எல்லாம் வீங்கி, எச்சில் ஒழுகி, மூச்சு வாங்கியது. டாக்டர் அங்கேயே இருந்ததால் பிழைத்தது. "ஊசியாலதான் கோமாரியே வருது, இனிமே போடாதீங்க" என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். என்ன செய்வது? (பாலக்கோடு பக்கமிருந்து ஒரு விவசாயி)

பதில்: "ஊசி ஒத்துக்கலை" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறோம். ஆனால் உங்கள் இரண்டு மாடுகளுக்கும் நடந்தது வேறு வேறு.

கறவை மாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். கோமாரி ஊசி மருந்தில் எண்ணெய் கலந்திருக்கும். அது மெல்லக் கரைவதால்தான் எதிர்ப்புச் சக்தி நீடிக்கிறது, கட்டியும் அதனால்தான். சில வாரங்களில் அமுங்கிவிடும். அதைக் கீறவோ, சூடு போடவோ கூடாது. தொட்டால் கொதித்து, வலித்து, நாளுக்கு நாள் பெருத்தால் மட்டும் சீழ் வைத்திருக்கலாம், அப்போது காட்டுங்கள். ஓரிரு நாள் காய்ச்சலும், சில நாள் பால் குறைவதும் வழக்கம்தான்.

சினை மாட்டுக்கு வந்தது கடும் ஒவ்வாமை. இது அபூர்வம், ஆனால் உயிரை எடுக்கும். பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காட்டிவிடும். உடம்பெல்லாம் தடிப்பு, இமை வீக்கம், நடுக்கம், மூச்சுத் திணறல், கடைசியில் மாடு சாய்ந்துவிடும். மூச்சு திணறும்போது காப்பாற்றுவது அட்ரினலின்தான். ஒவ்வாமைக்கு வழக்கமாகப் போடும் அவில் ஊசி மட்டும் போதாது. அதனால்தான் முகாமில் ஊசி போட்டதும் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடாதீர்கள், ஒரு மணி நேரம் நிழலில் கட்டிப் பாருங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். வீட்டுக்கு வந்த பிறகு இப்படி ஆனால் டாக்டரைக் கூப்பிடுங்கள், அவர் கிடைக்காவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐ அழையுங்கள். எத்தனை மாதச் சினை என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஒவ்வாமைக்குப் போடும் சில ஸ்டீராய்டு ஊசிகள் கடைசி மாதங்களில் கருவைக் கலைத்துவிடும். மருந்துக்கடையில் வாங்கி நாமே போடுவது வேண்டவே வேண்டாம்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்வது நடக்காத காரியம். கோமாரி ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ், அது நோயை உண்டாக்காது. ஆனால் அவர் அப்படி நினைக்கக் காரணம் இருக்கிறது. நோய்க்கிருமி உடம்பில் புகுந்து கொப்புளம் தெரிய 2 முதல் 14 நாள் வரை ஆகும். ஊசியின் பலன் கிடைக்கவும் இரண்டு வாரம் போல ஆகும். ஏற்கெனவே சந்தையிலோ மேய்ச்சலிலோ தொற்றிய மாட்டுக்கு ஊசி போட்டு, ஐந்தாம் நாள் வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் வந்தால், பார்ப்பவருக்கு ஊசிதான் குற்றவாளி. அப்படிக் கொப்புளம் கண்டால் அது நோய்தான் என்று எடுத்துக்கொண்டு, மாட்டைத் தனியாகக் கட்டி உடனே தகவல் சொல்லுங்கள்.

சரி, அடுத்த சுற்று ஆறு மாதம் கழித்து வரும். கறவை மாட்டுக்குத் தயங்காமல் போடுங்கள். மற்றதற்கு அதற்குள் கன்று பிறந்திருக்கும். அதைக் கூட்டத்தோடு வரிசையில் நிறுத்தாதீர்கள். போடலாமா, வேறு கம்பெனி மருந்தைப் பார்க்கலாமா என்பதை மாட்டைப் பார்த்த டாக்டரே முடிவு செய்யட்டும். போடுவதானால் அட்ரினலின் கையில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் போட வேண்டும். இன்றைக்கே அவரிடம் போய் அன்று போட்ட மருந்தின் பெயர், பேட்ச் எண், என்ன சிகிச்சை கொடுத்தார் என்று கேட்டு, மாட்டின் காது வில்லை எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து வேறு டாக்டர் வந்தாலும் அந்த நோட்டைக் காட்டலாம்.