விடலைக்கு ஒரு தட்டு

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. படிப்பு முடிந்து நான்கு ஆண்டுகளாகியும் எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. கண்டித்தால், "விடலைப் பருவம், அப்படித்தான் இருக்கும்" என்கிறார் என் கணவர். மகளுக்கு 22 வயதுதான்; ஆனால் பொறுப்பானவள். வேலைக்குப் போய் வந்து, அண்ணன் சாப்பிட்ட தட்டையும் அவளே கழுவி வைத்துவிடுகிறாள். மகனுக்கு இந்தப் பருவம் எப்போது முடியும்?

பதில்: மகனைப் பற்றிய கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்தத் தட்டைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை. அதற்கு வருமுன், உங்கள் கணவரின் சொல்லைப் பார்த்துவிடுவோம்.

ஆடவரின் பருவங்களை வகுக்கும் பழைய இலக்கண நூலான பன்னிரு பாட்டியல், 16 வயது வரை காளை என்றும், அதைக் கடந்து 30 வரை விடலை என்றும் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் உங்கள் மகனுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் மிச்சம் இருக்கின்றன. ஆனால் பழந்தமிழில் விடலை என்பது வீரனின் பெயர், பாலை நிலத் தலைவனின் பெயர். குறுந்தொகையின் 15ஆம் பாட்டில் 'சேயிலை வெள்வேல் விடலை' என்று தலைவியின் வளர்ப்புத் தாயான செவிலி சொல்வது, தன்னை நம்பி உடன்வந்த பெண்ணுக்குச் சொன்ன சொல்லை மெய்யாக்கியவனை. பொறுப்பற்றுத் திரியும் பையன் என்ற ஏளனம் இன்றைய பேச்சு வழக்கில் ஏறியது. இன்று விடலைப் பருவம் என்று நாம் சொல்வதும் பதின்ம வயதைத்தான். வளரிளம் பருவம் என்று அதையே குறிக்கும் உலக சுகாதார நிறுவனம் 19 வயதோடு முடித்துவிடுகிறது. உங்கள் கணவரோ வயது வரம்பைப் பழைய நூலிலிருந்தும் பொறுப்பின்மையை இன்றைய வழக்கிலிருந்தும் எடுத்து, மகனுக்கு வசதியாக ஒட்டுப்போட்டுத் தந்திருக்கிறார்.

மகளுக்கு அப்படி ஒரு சொல்லை யார் தந்தீர்கள்? பூப்பெய்திய அன்றே 'பெரிய மனுஷி' என்று சொல்லி அவளுடைய பிள்ளைப் பருவத்தை முடித்து வைத்தவர்கள், அவளைவிட நான்கு வயது மூத்தவனை இன்னும் சிறுவனாகவே வைத்திருக்கிறீர்கள். உழைத்துக் களைத்து வருபவள் அண்ணனின் எச்சில் தட்டைக் கழுவுவதற்குப் பொறுப்பு என்று பெயர் வைத்தது, மன்னியுங்கள், நீங்கள்தான். உங்கள் கணவர் அல்லர். கூடப்பிறந்தவளின் களைப்பு கண்ணில் படாதவனுக்கு, வேலை மட்டும் எப்படி நிலைக்கும்?

பருவம் எப்போது முடியும் என்று கேட்டீர்கள். இன்றிரவே முடித்து வையுங்கள். அவன் தட்டை அவன் கழுவட்டும். பழக்கதோஷத்தில் மகள் எழுந்து வந்தால், கையைப் பிடித்து உட்கார வையுங்கள். கணவர் ஏதேனும் சொன்னால், அவர் தட்டையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.