கேப்ஷன் போன்: காசு கேட்டால் கதவைச் சாத்துங்கள்

காது மெஷின் வாங்குவது பற்றிப் போன தடவை எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: மெஷின் போட்டும் போனில் புரியவில்லை. அதனால் இந்த முறை முழுக்க கேப்ஷன் போன். எதிரே பேசுபவர் சொல்வது போன் திரையில் எழுத்தாக ஓடும், காதால் கேட்டுக்கொண்டே கண்ணால் படிக்கலாம். அமெரிக்காவில் 2003-லிருந்து இருக்கிறது, இணையம் வழியாக ஓடும் வகைக்கு அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2007-ல் அனுமதி கொடுத்தது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேப்ஷன் போன் இலவசம் என்கிறார்கள். 78 வயது அப்பாவுக்கு வாங்க நினைக்கிறோம். நம்பலாமா, மாதாமாதம் ஏதாவது கட்ட வேண்டி வருமா?
– ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

நம்பலாம். 1990-ல் வந்த ஏடிஏ என்ற மாற்றுத்திறனாளிகள் சட்டம், காது கேளாதவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே போன் பேச வழி இருக்க வேண்டும் என்று சொன்னது. அதற்காக டிஆர்எஸ் என்று ஒரு நிதி இருக்கிறது. போன் கம்பெனிகள் அதில் பணம் போடுகின்றன, அந்தப் பணம் கடைசியில் நம் எல்லோர் பில்லிலிருந்தும்தான் போகிறது. அப்பா எழுத்தை ஓடவிட்டுப் பேசும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கேப்ஷன் கம்பெனி அங்கேதான் பணம் வாங்கிக்கொள்கிறது. அதனால் அப்பாவிடம் கேட்க அவர்களுக்கு எந்த வேலையும் இல்லை.

போன் கருவியையும் பல கம்பெனிகள் சும்மாவே தருகின்றன. பெயர், முகவரி, பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம், இவை வேண்டும். தனக்குக் காது சரியாகக் கேட்காது, போன் பேச எழுத்து தேவை என்று அப்பா உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். இணையத்துக்கும் போன் லைனுக்கும் நீங்கள் இப்போது கட்டுவதைக் கட்டினால் போதும். உங்கள் மாநிலத்தில் ஸ்டாப் (STAP) என்று ஒரு வவுச்சர் திட்டம் இருக்கிறது, இந்த மாதிரிக் கருவிகளுக்கு உதவுவார்கள், அதையும் விசாரியுங்கள். கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு டாக்டரோ, கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்டோ கையெழுத்துப் போட்டால் மாநிலமே போனைக் கடனாகக் கொடுக்கிறது.

அம்மாவுக்காக ஆன்லைனில் பழைய கேப்ஷன் போன் ஒன்று 60 டாலருக்கு மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். எழுத்தே வரவில்லை.
– ஷாம்பர்க், இல்லினாய்

வராது. அம்மா பெயரில் பதிவு செய்யாமல் சேவை ஓடாது. இலவசமாகக் கிடைப்பதை 60 டாலர் கொடுத்து, அதுவும் யாரோ ஒருவர் பெயரில் கிடந்ததை வாங்கியிருக்கிறீர்கள். வாங்குவதற்கு முன் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே?

சத்தம் அதிகமாக வரும் போன் ஒன்று 130 டாலருக்கு அம்மாவுக்கு வாங்கினோம். "சத்தமா கேக்குது, ஆனா புரியல" என்கிறார். இதைவிட அதிக சத்தம் தருவது இருக்கிறதா?
– கேரி, நார்த் கரோலினா

இருக்கிறது. வாங்காதீர்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு நெடுநாள் ஆற்றாமை உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சத்தம் வேறு, தெளிவு வேறு. வயதாகும்போது பெரும்பாலானவர்களுக்கு முதலில் போவது கீச்சென்ற மேல் ஸ்தாயி ஒலிகள். ஸ, ஃப, த மாதிரி மெய்யெழுத்துகளெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆ, ஓ, ஊ எல்லாம் கீழே இருப்பதால் நன்றாகவே கேட்கும். பேச்சில் சத்தத்தைக் கொடுப்பது உயிரெழுத்து, எந்த வார்த்தை என்று காட்டுவது மெய்யெழுத்து. ஆக, ஒருவர் பேசுகிறார் என்று தெரியும், என்ன பேசுகிறார் என்று தெரியாது. போதாததற்கு, சாதாரண போன் லைன் ஏறக்குறைய 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும், அதற்கு மேலே இருப்பதை வெட்டிவிடும். நல்ல காது உள்ள நமக்கே போனில் 'எஸ்'ஸா 'எஃப்'பா என்று குழப்பம் வருகிறது. நேரில் பேசும்போது உதட்டைப் பார்த்து அம்மா சமாளித்திருப்பார், போனில் அதுவும் கிடையாது. இப்படி ஓட்டை விழுந்து வரும் பேச்சை இரண்டு மடங்கு சத்தமாக்கினால் ஓட்டையும் சேர்ந்துதான் பெரிதாகும்.

நானும் இதே தப்பைச் செய்தேன். என் அப்பாவுக்கு 110 டாலரில் ஒரு சத்தப் போன் வாங்கினேன், பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்த டெசிபல் கணக்கைப் பார்த்து மயங்கி. ஒரு நாள் மருந்துக்கடையிலிருந்து அழைப்பு வந்தது. அவர் கேட்டதை அப்படியே நாள்காட்டித் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்: 50 மி.கி., இரவு. மாலையில் மருந்து பாட்டிலைப் பார்த்தால் 15 மி.கி. 'ஃபிஃப்டீன்' அவர் காதில் 'ஃபிஃப்டி' ஆகியிருந்தது. அவர் எழுதி வைத்ததால் தப்பித்தோம். மறுநாளே கேப்ஷன் போனுக்கு விண்ணப்பித்தேன்.

உங்கள் அம்மாவின் ஆடியாலஜிஸ்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அம்மாவுக்கு வசதியான சத்தத்தில் வார்த்தைகளைச் சொன்னால் நூற்றுக்கு எத்தனை சரியாகத் திருப்பிச் சொல்கிறார்? அந்தப் பரிசோதனை அநேகமாக ஏற்கெனவே எடுத்திருப்பார்கள், எண் கோப்பில் இருக்கும். அது நன்றாக இருந்தால் சத்தப் போன் போதும், எழுத்து வேண்டாம். குறைவாக இருந்தால் எந்தச் சத்தமும் உதவாது, எழுத்துதான் வேண்டும். இந்த எண்ணைக் கேட்காமலே போன் விற்கிறார்கள், நாமும் கேட்காமலே வாங்குகிறோம். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

என் பெரியம்மா முதியோர் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். ஒருவர் வீட்டுக்கே வந்து கேப்ஷன் போன் விற்றிருக்கிறார். கிரெடிட் கார்டில் 249 டாலர், அதோடு வருடத்துக்கு 99 டாலர் 'கேப்ஷன் கட்டணம்'. சோஷியல் செக்யூரிட்டி எண் முழுவதையும் எழுதி வாங்கிப் போயிருக்கிறார். மூன்று வாரமாகிறது. "என் முட்டாள்தனம்" என்று அழுகிறார்.
– எடிசன், நியூ ஜெர்சி

முதலில் பெரியம்மாவிடம் சொல்லுங்கள், இதில் அவர் தப்பு எதுவுமே இல்லை. காது கேட்காத ஒருவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, பிள்ளைகளோடு இனி நன்றாகப் பேசலாம் என்று ஆசை காட்டியவன்தான் குற்றவாளி. கேப்ஷனுக்குக் கட்டணம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

இன்றைக்கே செய்ய வேண்டியது கிரெடிட். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், ட்ரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் பதிவு நிறுவனங்களிலும், அவர் பெயரில் வேறு யாரும் கடன் வாங்க முடியாதபடி கிரெடிட்டை முடக்குங்கள். 2018-லிருந்து இதற்குக் காசு இல்லை. முழு எண் வெளியே போயிருப்பதால் 249 டாலரைவிட இதுதான் அவசரம். அப்புறம் கார்டு கம்பெனிக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள், போனில் சொன்னால் மட்டும் போதாது. அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் கடிதம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும், உங்களுக்கு நேரம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து 25 டாலருக்கு மேல் விற்றால், மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு, நுகர்வோரைப் பாதுகாக்கும் ஃபெடரல் ஆணையமான எஃப்டிசியின் விதி அது. அந்த உரிமையை வாயால் சொல்லி, ரத்துப் படிவத்தையும் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டியது விற்பவர் கடமை. பெரியம்மாவிடம் அப்படி ஒரு தாள் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதுவே விதிமீறல், புகாரில் முதல் வரியாக அதைப் போடுங்கள். புகார் எஃப்சிசிக்கும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கும் போக வேண்டும். இவ்வளவும் ஒரு மதியத்தில் முடியும். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள், தன் பணத்துக்காக ஒருவர் சண்டை போடுகிறார் என்று அவர் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு முறையான கம்பெனியில் அவருக்கு இலவசப் போன் வாங்கிக் கொடுங்கள். இந்தக் கசப்பில் அதை விட்டுவிடாதீர்கள்.

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆபீஸ் கால்களுக்கு எழுத்து இருந்தால் குறிப்பு எடுக்க வசதி. அம்மாவின் கேப்ஷன் போனை நான் பயன்படுத்தலாமா?
– சான் ஹோசே, கலிபோர்னியா

கூடாது. காது கேட்பதில் குறை உள்ள, பதிவு செய்தவர் தவிர வேறு யாரும் எழுத்தை ஓடவிட்டுப் பேசுவதை ஃபெடரல் சட்டம் தடுக்கிறது என்று அந்தப் போனிலேயே ஒட்டியிருக்கும், போய்ப் படியுங்கள். அவசரத்துக்கு அந்தப் போனில் பேச வேண்டுமானால் கேப்ஷன் பொத்தானை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஊரிலிருந்து வரும் தமிழ்ப் பேச்சு எழுத்தாக வருமா?
– ப்ளூமிங்டன், இல்லினாய்

எங்கள் வீட்டுக் கேப்ஷன் போனில் ஆங்கிலமும் ஸ்பானிஷும்தான். திருநெல்வேலியிலிருந்து என் அத்தை பையன் கூப்பிட்டு "சாப்பிட்டாச்சா மாமா?" என்று கேட்டபோது திரையில் "சாப் இட் ஆட்ச் ஹா" என்று நான்கு ஆங்கிலத் துண்டுகள் ஓடின. அப்பா திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான்தான் அவர் காதருகில் போய்ச் சொன்னேன்.

அன்று மாலையே வேறு ஏற்பாடு செய்தோம், இன்றுவரை அதுதான். கூகுளின் லைவ் ட்ரான்ஸ்க்ரைப் என்ற இலவசச் செயலி, 2019-ல் வந்தது, தமிழும் அதில் உண்டு. ஊரிலிருந்து வரும் அழைப்பை ஒரு போனில் ஸ்பீக்கரில் போடுங்கள். பக்கத்தில் இன்னொரு ஆண்ட்ராய்டு போனிலோ டேப்லெட்டிலோ செயலியைத் திறந்து, மொழியைத் தமிழுக்கு மாற்றி வையுங்கள். இரண்டாவது கருவி கட்டாயம் வேண்டும், பேசிக்கொண்டிருக்கும் அதே போனில் இது ஓடாது. டிவியை அணைத்துவிடுங்கள். ஊர்ப் பேச்சும் ஆங்கிலமும் கலந்து வேகமாகப் போனால் தடுமாறும், நிதானமாகப் பேசினால் எங்கள் வீட்டில் முக்கால்வாசி சரியாக வருகிறது. அம்மாவின் டாக்டர், வங்கி, மருந்துக்கடை எல்லாம் ஆங்கிலம் என்றால் அவற்றுக்குக் கேப்ஷன் போன், ஊருக்கு இது, என்று இரண்டும் வைத்துக்கொள்ளலாம்.

மதுரையில் இருக்கும் அப்பாவுக்கு இங்கிருந்து ஒன்று வாங்கிப் போகலாமா?
– அட்லாண்டா

வேண்டாம். அமெரிக்க நிதியில் அமெரிக்காவில் இருப்பவர்களுக்காக நடக்கும் சேவை அது. சேவை இல்லாமல் போன் மட்டும் எழுத்தைக் காட்டாது. மேலே சொன்ன தமிழ்ச் செயலியை அப்பாவுக்குப் பழக்குங்கள், மதுரையில் நன்றாக ஓடும்.

எட்டு மாதம் முன்பு போன் வந்தது. இன்னும் பெட்டியில் இருக்கிறது. அப்பாவே மாட்டிக்கொள்வார் என்று நினைத்தோம். மாட்டுவது கஷ்டமா?
– ஆஷ்பர்ன், வர்ஜீனியா

எட்டு மாதம்! அந்த எட்டு மாதமும் உங்கள் அப்பா போன் மணி அடித்தால் பயந்துகொண்டு இருந்திருப்பார். வரும் சனிக்கிழமை போங்கள்.

ஒரு மணி நேர வேலைதான். மின் இணைப்பு, இணையம், சில மாடல்களுக்கு அதோடு போன் லைனும். வைஃபை என்றால் பாஸ்வேர்டைத் திரையில் அடிக்க வேண்டும். ரௌட்டர் பக்கத்திலேயே வைக்க முடிந்தால் கேபிளே போட்டுவிடுங்கள், எழுத்து விட்டுவிட்டு வரும் தொல்லை குறையும். வீட்டில் போன் லைன் வழியாகவே வரும் டிஎஸ்எல் இணையம் என்றால் போன் லைனில் ஃபில்டர் மாட்டாமல் விடாதீர்கள், இரைச்சல் வரும். ஆபீஸ் மாதிரி டிஜிட்டல் லைனில் செருகாதீர்கள், கருவியே கெட்டுப்போகலாம். எழுத்தின் அளவை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு, அவர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் நின்றுகொண்டு முடிவு செய்யாதீர்கள்.

பிறகு வாசலுக்குப் போய் உங்கள் செல்லிலிருந்து அவரைக் கூப்பிடுங்கள். ஐந்து தடவை. நீங்கள் சொன்னதற்குச் சில நொடி கழித்துத்தான் எழுத்து வரும், அந்த இடைவெளிக்கு அவர் பழக வேண்டும். அவர் தப்பாகப் படித்தால் சிரிக்காதீர்கள்.

மின்சாரம் போனால்? 911 கூப்பிட்டால்?
– எடிசன், நியூ ஜெர்சி (வேறொருவர்)

மின்சாரமோ ரௌட்டரோ போனால் எழுத்து போய்விடும். ஒரு செல்போனை எப்போதும் சார்ஜில் வையுங்கள். வீடு மாறினால் அன்றைக்கே கேப்ஷன் கம்பெனியிடமும் போன் கம்பெனியிடமும் புது முகவரியைப் பதியுங்கள், இணைய வழிப் போனில் ஆம்புலன்ஸ் பதிந்த முகவரிக்குப் போய்விடலாம்.

நடுவில் யாரோ கேட்டு எழுதுகிறார்களாமே, என் வீட்டு விஷயமெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடாதா?
– மிசிசிப்பி

சில அழைப்புகளில் ஓர் உதவியாளர் எதிர்முனைப் பேச்சைக் கேட்டுத் தன் குரலில் திருப்பிச் சொல்வார், கணினி அதை எழுத்தாக்கும். 2018-லிருந்து ஆள் இல்லாமல் கணினியே செய்யவும் அனுமதி உண்டு. உதவியாளர் கேட்டதை வெளியே சொல்வதும், அழைப்பு முடிந்த பின் வைத்திருப்பதும் சட்டப்படி தடை.

எனக்கு 71 வயது. கேப்ஷன் போன் ஆறு மாதமாக இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேங்க், டாக்டர் ஆபீஸ் கூப்பிடும்போது நான் படித்து முடிப்பதற்குள் "ஹலோ, ஹலோ" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். அவமானமாக இருக்கிறது.
– ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

அம்மா, அவமானம் உங்களுக்கு இல்லை. மூன்று நொடி பொறுக்காதவர்களுக்கு. பதில் வராத அந்த இடைவெளியை அவர்கள் யாரும் இல்லாத லைன் என்று நினைத்துவிடுகிறார்கள். அதனால் எடுத்தவுடன் முதல் பேச்சு உங்களுடையதாக இருக்கட்டும், அவர்கள் "ஹலோ" சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். என் அப்பாவுக்கு ஒரு வாக்கியத்தை அட்டையில் தமிழ் எழுத்திலேயே எழுதி ரிசீவருக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன்: "ஐ ஆம் ரீடிங் யுவர் வேர்ட்ஸ் ஆன் எ ஸ்க்ரீன், ப்ளீஸ் வெயிட் ஃபார் மீ." முதல் வாரம் பார்த்துப் படித்தார், இப்போது பார்ப்பதில்லை. பேச்சு நடுவில் படிக்க நேரம் வேண்டுமென்றால் "ஒன் மினிட்" என்று ஒரு வார்த்தை போட்டுவிடுவார், லைன் உயிரோடு இருப்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். டாக்டர் ஆபீஸுக்கு அடுத்த முறை நேரில் போகும்போது, உங்கள் கோப்பில் 'கேப்ஷன் போன், பதிலுக்குக் காத்திருக்கவும்' என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். அப்பாவின் டாக்டர் ஆபீஸில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு ஒரு அழைப்பும் பாதியில் அறுபடவில்லை.