காசநோய்க் குளிசையும் கீழ்க்காய்நெல்லிச் சாறும்

தங்கச்சி, அம்மா காசநோய்க் குளிசை தொடங்கி ஒரு மாதம், இப்போது வாந்தி, சிறுநீரும் நிறம் மாறிவிட்டது, கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

காசநோய்க் குளிசையிலுள்ள ரிபாம்பிசின் என்ற மருந்து சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும், அது மட்டும் என்றால் பயமில்லை. வாந்தியும் சேர்ந்தால் ஈரலைச் சோதிக்கத்தான் வேண்டும். அதே குளிசையிலுள்ள ஐசோனியாசிட், பைராசினமைட் இரண்டும் ஈரலைத் தாக்கக்கூடியவை. முற்றத்து வெளிச்சத்தில் அம்மாவின் கண் வெள்ளையைப் பாருங்கள். மஞ்சளோ இல்லையோ, அடுத்த வேளைக் குளிசையைக் கொடுக்காமல், இன்றைக்கே மட்டக்களப்பு மார்பு நோய் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். இரவென்றால் பெரியாஸ்பத்திரி. குளிசை அட்டையும் கையில் இருக்கட்டும். எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் இரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, எதை நிறுத்துவது, எதை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவது என்று அவர்கள் சொல்வார்கள். நீங்களாக மொத்தமாக விட்டுவிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம்.

கீழ்க்காய்நெல்லியை நான் பழிக்கவில்லை. மாரி மழைக்கு எங்கள் வேலியோரமும் அதுதான், இலைக்கடியில் கடுகுபோலக் காய். ஆனால் ஈரலைக் காத்தது என்ற ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளில் நடந்தவை. பலவற்றில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை எலிக்குக் கொடுக்குமுன்பே சாற்றைக் கொடுத்திருப்பார்கள். அம்மாவின் கதை அப்படியில்லையே. எங்கள் மாமாவுக்குச் சாறு கொடுத்துக்கொண்டே ஒரு கிழமையை வீணாக்கினோம்.

ஏற்கெனவே கொடுத்திருந்தால் டொக்டரிடம் மறைக்காதீர்கள்.