பேராசைக்கு எத்தனை புள்ளி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்களோடு கர்ப்ஸ் (GURPS) என்ற பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தின் நான்காம் பதிப்பை ஆடத் தொடங்கியிருக்கிறோம். அதில் ஆளுக்கு ஒரு பாத்திரத்தைப் புள்ளிகள் கொடுத்து உருவாக்க வேண்டும்; ஆற்றலுக்குப் புள்ளி செலவாகும், குறைக்குப் புள்ளி திரும்பக் கிடைக்கும். பாத்திரத்தின் விவரங்களை எழுதும் கேரக்டர் ஷீட்டை அதற்கான ஜிசிஎஸ் (GCS) மென்பொருளில் நிரப்புகிறேன். பேராசை என்ற குறைக்கு −15 புள்ளி. கட்டுப்பாட்டு எண்ணை 12-லிருந்து 9-க்கு மாற்றினால் −22 ஆகிறது. இன்னொன்று: 20 புள்ளி நெருப்புத் தாக்குதலுக்குச் சுற்றிலும் 2 கஜம் பரவட்டும் என்று +50 சதவீதம், நாளுக்கு ஒரு முறைதான் என்று −40 சதவீதம் போட்டேன். 18 வரும் என்று நினைத்தால் 22 வருகிறது. மென்பொருள் தப்பாகக் கணக்குப் போடுகிறதா?

கே.

அன்புள்ள கே.,

இரண்டு விடையும் சரி. முதலாவது பெருக்கி, இரண்டாவது சதவீதம். இரண்டுக்கும் விதி வேறு.

பணத்தைக் கண்டதும் உங்கள் ஆள் கை நீட்டாமல் இருக்க மூன்று பகடை உருட்டுகிறீர்கள். கூட்டுத்தொகை கட்டுப்பாட்டு எண்ணான 12 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் அடங்கிவிடுவான். அதற்கு வாய்ப்பு சுமார் 74 சதவீதம். எல்லையை 9 ஆக்கினால் வாய்ப்பு 37.5 சதவீதம்தான். 6 என்றால் பத்துத் தடவையில் ஒரு தடவைகூட அடங்குவது சந்தேகம். குறை அதேதான், அவனை அது ஆட்டிவைக்கும் தடவைகள்தான் கூடுகின்றன. அதனால்தான் முழு விலையையும் பெருக்குகிறார்கள்: 15-க்கு அரை மடங்கு, 12-க்கு ஒன்று, 9-க்கு ஒன்றரை, 6-க்கு இரண்டு. −15 ஒன்றரை மடங்கானால் −22.5, இங்கே பின்னத்தை விட்டுவிட வேண்டும் என்பது விதி. புள்ளி கொடுத்து வாங்கும் கூட்டாளிக்கும் இப்படித்தான். எத்தனை தடவை உதவிக்கு வருவார் என்பதைப் பொறுத்து அரை மடங்கிலிருந்து நான்கு மடங்கு வரை போகும்.

சதவீதங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதில்லை. எல்லாவற்றையும் முதலில் கூட்டிவிட்டு, அடிப்படை விலையில் ஒரே தடவை போடுவார்கள். +50, −40 சேர்ந்தால் +10. 20 புள்ளி 22 ஆகிறது. நீங்கள் 20-ஐ 30 ஆக்கி, அந்த 30-இல் 40 சதவீதம் கழித்திருக்கிறீர்கள். கழிவு எவ்வளவு சேர்ந்தாலும் −80-க்குக் கீழே போகாது.

உங்கள் கணக்கிலும் நியாயம் இருக்கிறது. 20 புள்ளி ஆற்றலுக்கு +300 சதவீதம் ஏற்றினால் 80 ஆகும். அதற்கு 'நாளுக்கு ஒரு முறை' என்று −40 போட்டால் குறைவது 8 புள்ளிதான், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய ஆற்றலை நாளெல்லாம் பூட்டிவைப்பதற்கு அது மிகச் சொற்பம். மறுபக்கம், −130 சதவீதம் கட்டுப்பாடுகளை அடுக்கியவருக்கு +50 இலவசமாகவே கிடைக்கிறது, கழிவு எப்படியும் −80-இல் நின்றுவிடுவதால்.

இந்த இரண்டையும் சரிசெய்யத்தான் 2005-இல் வந்த 'கர்ப்ஸ் பவர்ஸ்' நூல் பெருக்கல் முறையை விருப்ப விதியாகத் தந்தது. கூட்டல்களைப் போட்ட பிறகு கிடைக்கும் தொகையில் கழிவுகள். உங்கள் 18 அப்படித்தான் வரும். ஹீரோ சிஸ்டம் என்ற இதே வகை ஆட்டமும் சாதகங்களைப் பெருக்கிவிட்டுப் பாதகங்களால் வகுக்கிறது.

வாளும் வில்லுமாக ஆடுகிறீர்கள் என்றால் கூட்டல் முறையே போதும், மனக்கணக்கிலேயே சரிபார்க்கலாம். சூப்பர்ஹீரோ ஆட்டத்துக்கு நான் பெருக்கல் முறையைத்தான் சொல்வேன். ஜிசிஎஸ்ஸில் ஷீட்டின் அமைப்புகளில் அதற்கு ஒரு தேர்வுக் கட்டம் இருக்கிறது. அதைத் தொடும் முன் ஆட்டத்தை நடத்தும் உங்கள் ஜிஎம்மிடம் (கேம் மாஸ்டர்) கேளுங்கள். ஒருவர் ஷீட்டில் மட்டும் மாற்றினால் அதே ஆற்றல் அவருக்கு 18, பக்கத்தில் இருப்பவருக்கு 22 என்று ஆகிவிடும்.