மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் ஹாலிவுட் பின்னணி இசை ஆல்பங்களில் எதை முதலில் வாங்குவது?

மாதம் ஆயிரம் ரூபாய்தான் ஒதுக்க முடியும், பட்டியலில் ஏற்கெனவே நாற்பது பெயர் சேர்ந்துவிட்டது, எல்லாவற்றையும் சிடியாகவே வைத்துக்கொள்ள ஆசை, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பல வருடமாக ஏறக்குறைய இதே கணக்கில்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். வருடத்துக்கு ஆறேழு வட்டுக்கு மேல் வாங்க முடிந்ததில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்த நாற்பதும் உங்களுக்குப் பிடித்த படங்களின் பட்டியல் என்றால் முதலில் அதை எடுத்து ஓரமாக வையுங்கள். பிடித்த படம் வேறு, வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிற ஆல்பம் வேறு. தியேட்டரில் உடம்பைச் சிலிர்க்க வைத்த இசை, திரை இல்லாமல் கேட்கும்போது பத்து நிமிடம் ஒரே சுரத்தில் வயலின்கள் இழுத்துக்கொண்டே இருப்பதாகத் தெரியலாம். அது இசையமைப்பாளரின் குறை இல்லை, வசனத்துக்கு அடியில் இருக்க வேண்டும் என்றுதான் அவர் அதை அப்படி எழுதினார். ஆனால் உங்கள் ஆயிரம் ரூபாய் வசனத்துக்கு அடியில் இருக்கிற இசைக்குப் போக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இதற்கு நான் வைத்திருக்கும் வழி எளிது. வாங்க நினைக்கிற ஆல்பத்தை யூடியூபிலோ ஸ்பாட்டிஃபையிலோ மூன்று வெவ்வேறு நாட்களில் முழுசாகக் கேட்பேன், நடுவில் தாவாமல், படத்தைப் பார்க்காமல். ஒரு நாள் நடக்கும்போது, ஒரு நாள் சமைக்கும்போது, ஒரு நாள் விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து. மூன்றாவது தடவை ஏதாவது ஒரு இடம் வரப்போகிறது என்று மனசு முன்னாடியே காத்திருந்தால் அந்த ஆல்பத்தை வாங்கலாம். முதல் தடவையே செல்போனை எடுத்துப் பார்க்கத் தோன்றினால் படம் எவ்வளவு பெரிய படமாக இருந்தாலும் சரி, வேண்டாம். என் பட்டியலில் பாதிக்கு மேல் இப்படித்தான் கழிந்தது.

அடுத்தது, வட்டில் இருப்பது எந்த ஒலிப்பதிவு என்று பார்ப்பது. நம் ஊர் சினிமாவில் ரீரெக்கார்டிங் என்றால் படத்துக்குப் பின்னணி இசை சேர்க்கிற வேலை. நான் இங்கே சொல்வது வேறு: படத்துக்கு ஏற்கெனவே வாசித்த இசையை, இசைத்தட்டுக்காக இன்னொரு முறை வாசித்துப் பதிவது. ஜான் வில்லியம்ஸ் இசையமைத்த சுறாப் படம் 'ஜாஸ்' (Jaws) இதற்கு நல்ல உதாரணம். 1975இல் வெளிவந்த ஆல்பத்தில் இருப்பது நீங்கள் படத்தில் கேட்ட பதிவே இல்லை. படத்தில் துண்டு துண்டாக வருவதை நீட்டி, தனியாகக் கேட்க ஏற்ற உருப்படிகளாக மாற்றி, தட்டுக்கென்றே தனியாகப் பதிவு செய்தார் வில்லியம்ஸ். படத்தில் ஒலித்த அசல் பதிவு வட்டாக வந்தது 2000இல்தான். இரண்டில் எது நல்லது என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஒன்றுதான் வாங்க முடியும் என்கிறவருக்கு 1975 ஆல்பம்தான். முப்பத்தைந்து நிமிடம்தான், ஆனால் எழுந்து போக விடாது.

பெர்னார்ட் ஹெர்மனின் 'சைக்கோ' இன்னும் சுவையான கதை. படம் வந்தது 1960இல், முழுக்க முழுக்கத் தந்தி வாத்தியங்கள் மட்டும், ஒரு ஊது வாத்தியமோ தாள வாத்தியமோ கிடையாது. அவ்வளவு பேசப்பட்ட இசைக்கு அப்போது ஆல்பமே வரவில்லை. பதினைந்து வருடம் கழித்து 1975இல் ஹெர்மனே லண்டனில் நேஷனல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவை வைத்து மறுபடி பதிவு செய்தார், அதே வருட டிசம்பரில் இறந்தும் போனார். அந்தப் பதிவு படத்தைவிட மெதுவாகப் போகிறது. குளியலறைக் கொலைக் காட்சியில் வயலின்கள் அலறுகிற அந்த அலறலை எதிர்பார்த்து வாங்குகிறவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கும், அவர்களுக்கு 1997இல் ஜோயல் மெக்நீலி இசைக்குழுவை நடத்திப் பதிந்தது பொருந்தும். எனக்கு அந்த மெதுவான சைக்கோவைத்தான் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு இழையும் தனித்தனியாகக் காதில் விழுகிறது, எழுதியவரே கடைசியாக ஒருமுறை நிதானமாகப் படித்துக் காட்டுகிற மாதிரி இருக்கிறது.

அட்டையை முன்னும் பின்னும் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள் என்று சொல்வதற்கு எனக்குக் காரணம் உண்டு. 1989இல் வந்த 'பேட்மேன்' படத்துக்கு இரண்டு ஆல்பம் இருக்கிறது. ஒன்று பாப் பாடகர் பிரின்ஸின் பாடல்கள், இன்னொன்று டேனி எல்ஃப்மனின் பின்னணி இசை. இரண்டின் பெயரும் 'பேட்மேன்'தான். துபாயிலிருந்து வந்த சித்தி மகனிடம் 'பேட்மேன் சிடி' என்று மட்டும் சொல்லி அனுப்பினேன், அவன் தேடி அலைந்து வாங்கி வந்தது பிரின்ஸ் ஆல்பம். அது நல்ல ஆல்பம்தான், ஆனால் நான் ஒரு வருடமாகக் கேட்க ஏங்கியது அதில் இல்லை, அவனிடம் அதைச் சொல்லவும் மனம் வரவில்லை. அதிலிருந்து 'ஒரிஜினல் ஸ்கோர்' (ஸ்கோர் என்றால் பின்னணி இசை) என்று போட்டிருக்கிறதா, இசையமைப்பாளர் பெயர் இருக்கிறதா, எந்த இசைக்குழு, யார் நடத்தியது என்று பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை. 'மியூசிக் ஃப்ரம் அண்ட் இன்ஸ்பயர்ட் பை' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பாடல் தொகுப்புதான். படத்தில் வராத பாட்டெல்லாம் அதில் இருக்கும். அப்புறம் 'பெரிய படங்களின் சிறந்த இசை' என்று இருபது படத்தை ஒரே வட்டில் போட்டு வருகிற தொகுப்புகள்: விலை குறைவாகத் தெரியும், பெரும்பாலும் வேறொரு குழு வாசித்தவையாக இருக்கும், அசலைக் கேட்டுப் பழகிய காதுக்கு நிறைவு வராது. அசலையும் வாங்கித்தான் ஆவீர்கள், ஆக இரண்டு செலவு.

நீளம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 80, 90களில் வந்த ஆல்பங்கள் பல முப்பது நிமிடத்திலேயே முடிந்துவிடும், ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பீர்கள். அமெரிக்க இசைக் கலைஞர் சங்கத்தின் விதிப்படி, படத்துக்காக வாசித்த இசையை ஆல்பமாக வெளியிட்டால் வாசித்தவர்களுக்கு மறுபடி ஒரு கட்டணம் தர வேண்டும். எண்பது தொண்ணூறு பேர் வாசித்த இசை என்றால் நிமிடம் கூடக் கூடச் செலவு ஏறும். சின்ன நிறுவனங்களால் தாங்க முடியாது, முப்பது நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். பழைய படங்களுக்குக் குறைந்த பிரதிகள் போட்டால் கட்டணமும் குறையும் என்ற ஏற்பாடு வந்தபிறகுதான் ஃபிலிம் ஸ்கோர் மன்த்லி, இன்ட்ராடா, லா-லா லேண்ட் போன்ற நிறுவனங்கள் முழு இசையையும் மூவாயிரம் பிரதி, ஐயாயிரம் பிரதி என்று வெளியிட ஆரம்பித்தன.

இந்த 'மூவாயிரம் பிரதி மட்டுமே' என்கிற வரிதான் நம்மைப் போன்றவர்களின் பணத்தைக் கரைப்பது. இன்றைக்கு விட்டால் இனி கிடைக்காது என்கிற பதற்றத்தில், மூன்று முறை கேட்டுப் பார்க்காமலேயே, கடன் வாங்கியாவது வாங்கத் தோன்றும். இந்த வட்டுகள் இருபதிலிருந்து முப்பத்தைந்து டாலர் வரை, தபால் செலவும் கிட்டத்தட்ட அவ்வளவே ஆகும், சுங்கம் போட்டால் அது தனி. உங்களுக்கு அது நாலைந்து மாதப் பணம். நான் பார்த்தவரை, பேர்பெற்ற படம் என்றால் அது திரும்ப வரும். மேலே சொன்ன 2000ஆம் வருட ஜாஸ் வட்டு கடைகளில் தீர்ந்துபோய் மறுவிற்பனையில் விலை ஏறியது, 2015இல் இன்ட்ராடா படப் பதிவையும் 1975 ஆல்பத்தையும் ஒன்றாகவே வெளியிட்டது. 'பிளேட் ரன்னர்' 1982இல் வந்தபோது அதற்கு இசையமைத்த வான்ஜெலிஸின் ஆல்பம் வரும் என்று படத்தின் முடிவு எழுத்துகளிலேயே போட்டார்கள், வந்ததோ வேறொரு குழு வாசித்த ஆல்பம், வான்ஜெலிஸே தந்தது 1994இல். பன்னிரண்டு வருடம் காத்திருந்தார்கள் ரசிகர்கள். 2007இல் மூன்று வட்டுத் தொகுப்பும் வந்தது. ஆக, காத்திருந்தால் பெரும்பாலும் நஷ்டமில்லை. அதிகம் பேர் பார்க்காத ஒரு பழைய படம், இசை உங்கள் உயிர், எங்கும் இணையத்திலும் கிடைக்கவில்லை என்றால் மட்டும் பதற்றப்படுங்கள், அதற்காக மூன்று மாதம் வேறெதையும் வாங்காமல் இருப்பது நியாயம்.

முழுப் பதிப்பா, ஒற்றை வட்டா என்கிற குழப்பத்துக்கும் என் பதில் இதிலேயே இருக்கிறது. ஹோவர்ட் ஷோரின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகத்துக்கு 2001இல் வந்தது ஒரே வட்டு, எழுபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 2005இல் மூன்று வட்டுகளில் முழுப் பதிவு வந்தது, மூன்று மணி நேரம். முழுப் பதிவு அருமையானது, ஆனால் அது படத்தையே காதால் பார்ப்பது போல, அதற்கு ஒரு மாலைப் பொழுது வேண்டும். வேலை முடிந்து வந்து சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைக்கிறவர்கள் ஒற்றை வட்டைத்தான் தேய்த்துத் தேய்த்துக் கேட்போம். 1977 'ஸ்டார் வார்ஸ்' இரட்டைத் தட்டில் வில்லியம்ஸ் காட்சி வரிசையைப் பின்பற்றவில்லை. கேட்க எது எதற்குப் பிறகு வந்தால் நன்றாக இருக்கும் என்று பார்த்து அடுக்கினார். காட்சி வரிசையில் எல்லாமே அடங்கிய இரண்டு வட்டுப் பதிப்பு 1997இல் வந்தது. எழுதியவர் தானே எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்த ஆல்பம் இருந்தால் முதலில் அதை வாங்குங்கள், கையில் பணம் புழங்கும்போது முழுப் பதிப்பைப் பார்க்கலாம்.

சரி, பெயர் சொல்லச் சொன்னால்: முதல் வட்டு என்னியோ மோரிக்கோனேவின் 'தி மிஷன்', 1986. ஐம்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஓபோ என்கிற ஊது வாத்தியத்தில் வரும் அந்த மெட்டும் தேவாலயக் கூட்டிசையும் பழங்குடித் தாளமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும்போது படம் பார்த்திராதவருக்கும் கதை புரிந்துவிடும். பழைய பிரதி மலிவாகவும் கிடைக்கும். அடுத்து 1994 பிளேட் ரன்னர், நடுவே வசனம் வருவது சிலருக்குப் பிடிக்காது, எனக்கு அது படத்தில் வரும் மழை இரவின் ஒரு பகுதியாகவே கேட்கிறது. பிறகு ஜாஸ், ஷோரின் ஒற்றை வட்டு, ஹெர்மனின் சைக்கோ. ஐந்து வட்டு, ஐந்தும் ஐந்து வகை. இதைக் கேட்டு முடிக்கும்போது உங்கள் காது எந்தப் பக்கம் சாய்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும், நாற்பது பெயரில் முப்பது தானாகக் கழியும்.

நமக்கு இந்த வட்டுகள் மேல் இவ்வளவு ஆசை வரக் காரணம் வேறொன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். இளையராஜாவின் பின்னணி இசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், ஆனால் அதை ஆல்பமாகக் கையில் வாங்கியதே கிடையாது. தட்டிலும் கேசட்டிலும் வந்தது பாட்டு மட்டும்தான், பின்னணி இசை வேண்டுமென்றால் படத்திலிருந்து ரசிகர்கள் வெட்டி எடுத்த துண்டுகள்தான், அதில் வசனமும் கதவுச் சத்தமும் சேர்ந்தே வரும். 'பம்பாய்' ஆல்பத்தில் ரஹ்மானின் அந்தத் தீம் இசை தனியாக இடம்பெற்றது 1995இல் எங்கள் வீட்டில் ஒரு திருவிழா. கேசட்டின் அந்த இடம் மட்டும் தேய்ந்து போனது. ரஹ்மான் சீனப் படத்துக்குச் செய்த 'வாரியர்ஸ் ஆஃப் ஹெவன் அண்ட் எர்த்' எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள், பலர் கேட்டதே இல்லை.

எங்கே வாங்குவது என்றால், சென்னையில் இருப்பவர்கள் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் பழைய தட்டுகளைப் பார்க்கலாம், போன தடவை இல்லாதது இந்தத் தடவை இருக்கும், அதனால் தேவையானவற்றின் பெயரைச் சட்டைப் பையில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள். வட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மெல்லிய கீறல் பரவாயில்லை, ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதென்றால் இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரே பொட்டலமாக வாங்குங்கள், தபால் செலவு பங்காகிவிடும்.

நான் இப்போது ஹெர்மனின் 'வெர்டிகோ'வுக்காகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். 1958இல் அமெரிக்க இசைக் கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் அதன் ஒலிப்பதிவை லண்டனுக்கு எடுத்துப் போனார்கள், அங்கேயும் வாத்தியக்காரர்கள் ஆதரவாக நிறுத்திவிட, மீதியை வியன்னாவில் முடித்தார்கள், ஹெர்மன் நடத்த முடியவில்லை, மியூர் மாத்தீசன் நடத்தினார். 90களில் மெக்நீலி நடத்திய பதிவு ஒலியில் எவ்வளவோ துல்லியம். இரண்டையும் மூன்று மூன்று நாள் கேட்டாகிவிட்டது. பழையதைத்தான் வாங்கப் போகிறேன், இன்னும் ஒரு மாதப் பணம் பாக்கி.