சொந்தக் காரில் ரேஸ் டிராக் ஓட்டப் பழகுவது: செட்டிபாளையம் கேள்வி பதில்

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே டிராக் டே, அதாவது ரேஸ் இல்லாமல் ஓட்டிப் பழகுவதற்கான நாள், நடக்கும்போது சொந்தக் காரை எடுத்துக்கொண்டு வந்து ஓட்டிப் பழகலாமா என்று நம்மூர்க்காரர்கள் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். நான் பகலில் மெஷின் ஷாப் நடத்துகிறவன். பத்து வருஷத்துக்கு மேலாக என் சாதாரண ஹேட்ச்பேக்கை அங்கே ஓட்டி வருகிறேன், புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லியும் தருகிறேன். வந்த கேள்விகளில் முடிந்தவரை எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பொள்ளாச்சி): அண்ணா, என்னிடம் ஒன்பது வருஷத்துப் பழைய ஸ்விஃப்ட் இருக்கிறது. இதையே கொண்டு வரலாமா, இல்லை ரீமேப், எக்ஸாஸ்ட் எல்லாம் பண்ணி பவரைக் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டுமா?

இருக்கிற வண்டியை அப்படியே கொண்டு வாங்க தம்பி. கரி டிராக் ஒரு சுற்று சுமார் 2.1 கி.மீ. தான். நேர்ச்சாலை நீளம் குறைவு, வளைவுதான் அதிகம். அங்கே பவர் உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுப்பதை, தப்பான இடத்தில் மிதித்த ஒரு பிரேக் தின்றுவிடும். பவர் குறைந்த வண்டியில் இன்னொரு நல்லது உண்டு. வளைவில் வேகத்தை வீணாக்கினால் அடுத்த நேர்ச்சாலை முழுக்க வண்டி முக்கிக்கொண்டு போகும், செய்த தப்பு அங்கேயே தெரிந்துவிடும். பெரிய எஞ்சின் அந்தத் தப்பை மூடி மறைத்துவிடும்.

ரீமேப்புக்கு வைத்திருக்கிற பணத்தில் பிரேக் ஆயில், பிரேக் பேடு, நல்ல டயர் நாலு வாங்குங்க. மிச்சத்துக்கு இன்னும் இரண்டு டிராக் டேக்குப் பணம் கட்டுங்க.

கேள்வி (பல்லடம்): பிரேக் ஆயில் மாற்று என்று எல்லாரும் சொல்கிறார்கள். சர்வீஸில் கேட்டால் "இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

ரோட்டுக்கு அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். டிராக்குக்கு அது போதாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஆயிரம் கிலோ வண்டி 140 கி.மீ. வேகத்தில் வருகிறது. வளைவுக்காக 60-க்கு இறக்குகிறீர்கள். அந்த ஒரு மிதியில் வெளியாகும் சூடு, இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வீட்டு அடுப்பில் அதற்குப் பத்து நிமிஷம் ஆகும், இங்கே மூன்று விநாடி. முக்கால்வாசி சூடும் முன்சக்கர டிஸ்க் இரண்டுக்குத்தான் போகும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

இப்போது ஆயிலுக்கு வருவோம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4 என்று ரகம் உண்டு. புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது என்பது தரக்கணக்கு, டாட் 4-க்கு 230. ஈரம் ஏறிவிட்டால் அந்தக் கணக்கு 140, 155 என்று இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்கினால் அது விசையைக் கடத்தும், குமிழை அமுக்கினால் அது சுருங்கும், அவ்வளவுதான். பெடல் கீழே போகும், வண்டி நிற்காது.

எனக்கு நடந்தது ஒரு ஏப்ரல் மாதம், பதினொரு மணி வெயிலில், ஐந்தாவது லேப்பில், அதாவது ஐந்தாவது சுற்றில். நேர்ச்சாலை முடிவில் மிதித்தேன். ஈரச் சாக்கை மிதித்த மாதிரி பெடல் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. கை கால் எல்லாம் சில்லிட்டுப் போனது. பெடலை இரண்டு மூன்று தடவை பம்ப் அடித்து, கியரை இறக்கி, வளைவுக்கு வெளியே இருந்த மண்ணில் போய் நின்றேன். ஒரு பட்டறையில் ஆயில் மாற்றியாகிவிட்டது என்று சொல்லிக் காசும் வாங்கியிருந்தார்கள். அன்று சாயங்காலம் பிரேக் ஆயிலை வெளியே எடுக்கிற பிளீடர் நட்டை நானே திறந்தேன், கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வந்தது. அன்றிலிருந்து பக்கத்தில் நின்று நாலு சக்கரத்திலும் புது ஆயில் வருகிறதா என்று கண்ணால் பார்க்காமல் நகர மாட்டேன். நீங்களும் பார்க்காமல் நகராதீர்கள்.

சூட்டில் பிரேக் இப்படிக் கைவிடுவதை ஃபேடு என்பார்கள். இன்னொரு மாதிரி ஃபேடும் உண்டு. பெடல் கல் மாதிரி கெட்டியாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. அது பேடு சூடாகிப் பிடிப்பு விட்டுப் போவது. ஒரு லேப் நிதானமாக ஓட்டினால் திரும்பி வரும். பெடல் பஞ்சாகிவிட்டால் மட்டும் அன்றைக்கு ஓட்டத்தை நிறுத்திவிடுங்க.

கேள்வி (திருப்பூர்): டயரில் எவ்வளவு காத்து வைப்பது?

கம்பெனி சொன்ன அளவில் காலையில் குளிர்ந்த டயரில் பிடித்துக்கொண்டு வாங்க. ஐந்தாறு லேப் ஓடினால் 4 முதல் 6 பிஎஸ்ஐ வரை தானாக ஏறும். பிட்டுக்கு (டிராக் ஓரம் வண்டி நிறுத்தும் இடத்துக்கு) வந்ததும் சூட்டோடு அளந்து பார்த்து, ஏறியதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அளவு சரியா என்று டயரே சொல்லும். டயரின் தோள்பட்டையில், அதாவது தரையில் படும் பகுதியும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பில், சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டு ஓட்டிவிட்டு வாங்க. கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காத்து பத்தவில்லை. தோளிலேயே அழியாமல் நின்றால் காத்து அதிகம். வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் திரும்பப் பழைய அளவுக்குப் பிடித்துவிடுங்க.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் வீல் நட்டைச் சரிபாருங்க. நட்டைச் சரியான அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் பக்கத்தில் இருக்கிறவரிடம் கேளுங்க, யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள்.

கேள்வி (ஈரோடு): ஐயா, என் பையனுக்கு 21 வயது. கார் என்றால் உயிர். வால்பாறை, திம்பம் என்று நண்பர்களோடு கிளம்பிவிடுகிறான். டிராக்குக்கு விட்டால் வேகப் பைத்தியம் இன்னும் கூடிவிடுமோ என்று அவன் அம்மாவுக்குப் பயம்.

உங்கள் பயம் நியாயமானதுதானுங்க. ஆனால் வால்பாறை மலையில் 40 கொண்டை ஊசி வளைவு, திம்பத்தில் 27. எதிரே லாரி வரும், பஸ் வரும், திம்பத்தில் யானையும் நிற்கும். அங்கே பிடி நழுவினால் இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். டிராக்கில் எதிரே வண்டி வராது. தடம் தப்பினால் ஓடி நிற்க மண் இருக்கிறது, கொடி காட்ட ஆள் இருக்கிறார், ஆம்புலன்ஸ் நிற்கிறது. பொதுச்சாலையில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் ஜெயிலே உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை.

என் அனுபவத்தில், டிராக்கில் நாலு தடவை ஓட்டிய பையன்கள் ரோட்டில் அடங்கிவிடுகிறார்கள். 100-லிருந்து வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை அவர்கள் உடம்பே தெரிந்துகொள்கிறது. அந்தத் தூரம் தெரிந்தவன் அவிநாசி ரோட்டில் முன்வண்டியின் பம்பரை ஒட்டிக்கொண்டு போக மாட்டான். முதல் தடவை நீங்களும் கூட வாங்க. பையன் ஹெல்மெட்டைக் கழற்றும்போது அவன் முகத்தைப் பாருங்க.

கேள்வி (சிங்காநல்லூர்): போன மாதம் முதல் டிராக் டே ஓட்டினேன். ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போகிறது. சொல்லித் தந்தவர் "பார், பார்" என்று கத்திக்கொண்டே இருந்தார். எதைப் பார்ப்பது?

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் டிராக்கை அதிகம் பார்ப்பதில்லை, ஓட்டுகிறவரின் தாடையைப் பார்ப்பேன். புதியவர்களின் தாடை பானெட்டுக்கு நேராகவே இருக்கும். கண் பத்தடி முன்னால் மட்டும் பார்க்கும். பத்தடியைப் பார்க்கிறவருக்கு எல்லாமே திடீரென்று வரும். வளைவு திடீரென்று வரும், பயம் வரும், கை வெடுக்கென்று திருப்பும். வண்டி கண் போகிற இடத்துக்குத்தான் போகும். மண்ணைப் பார்த்தால் மண்ணுக்குப் போகும்.

பிரேக் மிதிக்கிற இடம் வந்ததும் கண்ணை அங்கிருந்து எடுத்துவிட்டு, வளைவின் உள்விளிம்பை நீங்கள் தொடப்போகிற இடத்தில் வையுங்க. அதைத்தான் அபெக்ஸ் என்கிறோம். அபெக்ஸுக்கு வண்டி போய்ச் சேர்வதற்கு முன்பே கண் வளைவின் வெளிவாசலுக்குப் போயிருக்க வேண்டும். தாடை திரும்பணும், பல சமயம் பக்கவாட்டு ஜன்னல் வழியாகவே பார்க்க வேண்டிவரும். முதலில் கழுத்து வலிக்கும். அப்புறம் ஒரு லேப்பில் திடீரென்று எல்லாம் மெதுவாக நடக்கிற மாதிரி தெரியும். வேகம் குறைந்திருக்காது, உங்களுக்கு நேரம் கிடைத்திருக்கும்.

வண்டி நேராகப் போவதற்கு வருகிறேன். முன்டயரின் பிடிப்புக்கு ஓர் அளவு உண்டு. அதையே பிரேக்கும் கேட்கிறது, திருப்பமும் கேட்கிறது. முழுசாகப் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திருப்ப எதுவும் மிஞ்சாது. அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பினால் டயர் இன்னும் தேயும், அவ்வளவுதான். திருப்பியதைக் கொஞ்சம் குறைத்து, பிரேக்கை மிதித்திருந்தால் கொஞ்சம் தளர்த்துங்க. ஆக்சிலேட்டரில் கால் இருந்தால் மெல்ல எடுங்க. எடை முன்னால் வந்து டயரை அழுத்தும், பிடிப்பு திரும்பும்.

ஆரம்பத்தில் பிரேக் வேலை முழுவதையும் நேராகப் போகும்போதே முடித்துவிடுங்க. கொஞ்சம் பழகியபின் வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை மெல்ல மெல்ல விடப் பழகலாம். உடுமலைப் பக்கம் ரேக்ளா ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? கயிற்றை வெடுக்கென்று இழுப்பதும் இல்லை, வெடுக்கென்று விடுவதும் இல்லை. பெடலும் அப்படித்தான்.

கேள்வி (கோபி): எட்டு வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். ஆனால் பின்னால் பெரிய வண்டிகள் வந்து நெருக்கினால் என்ன செய்வது என்று தயக்கமாக இருக்கிறது.

டிராக் டேயில் யாரும் ரேஸ் விடுவதில்லை அம்மணி. பழகியவர், புதியவர் என்று குழு பிரித்துத்தான் விடுவார்கள். முந்துவது குறிப்பிட்ட நேர்ச்சாலையில் மட்டும்தான், அதுவும் நீங்கள் கை காட்டி வழி கொடுத்தால்தான். வழி விடுவதற்காக உங்கள் பாதையைவிட்டு விலக வேண்டாம். கையை நீட்டி எந்தப் பக்கம் போகணும் என்று காட்டிவிட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும்.

கொடிகளைக் காலையில் விளக்கும்போது கவனமாகக் கேளுங்க. மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாகப் பிட்டுக்குத் திரும்பணும். நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது. மஞ்சளில் சிவப்புப் பட்டை என்றால் தரை வழுக்கும்.

கேள்வி (கரூர்): டிராக்கில் இடித்துவிட்டால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். சாதாரண கார் பாலிசியில் ஏற்பாடு செய்யப்பட்ட ரேஸ், வேகச் சோதனை இரண்டுமே விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. பாலிசிக் காகிதத்தை எடுத்துப் படித்துவிட்டு வாங்க. செலவு உங்கள் கையிலிருந்துதான் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுங்க.

கேள்வி (சூலூர்): நரேன் கார்த்திகேயன் நம்மூர்க்காரர். கோவைக்கு இந்த ரேஸ் ஆர்வம் எங்கிருந்து வந்தது அண்ணா?

டிராக்கின் பெயரிலேயே பதில் இருக்கிறது தம்பி. எஸ். கரிவரதன் கோவை மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஓட்டுவதோடு நிற்காமல் வண்டியைக் கட்டவும் செய்தார். மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்தார், அதுதான் ஃபார்முலா மாருதி. இந்தியாவில் காசு கொஞ்சமாக வைத்திருந்த பையன்களும் ரேஸ் காரில் உட்கார அது வழி செய்தது. 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். நரேன் தொடங்கியதும் ஃபார்முலா மாருதியில்தான். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார், அதே வருஷம் அமெரிக்கப் பந்தயத்தில் நாலாவதாக வந்தார்.

வார்ப்படப் பட்டறையும் லேத்தும் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர் இது. காலையில் உடைந்த பிராக்கெட்டை மத்தியானத்துக்குள் செய்து தர இங்கே ஆள் உண்டு. பொள்ளாச்சித் தம்பிக்கு இன்னொரு தடவை சொல்கிறேன்: மாருதி 800 எஞ்சின்.

கேள்வி (நாமக்கல்): ஈஎஸ்பியை அணைத்துவிட்டு ஓட்டினால்தான் கற்றுக்கொள்ள முடியும் என்கிறார்களே?

அணைக்காதீர்கள். வண்டி சறுக்கும்போது தானே பிடித்து நிதானப்படுத்தும் வசதிதான் ஈஎஸ்பி. மீட்டரில் அந்த விளக்கு எங்கே சிமிட்டுகிறது என்று பாருங்க, அந்த வளைவில்தான் உங்கள் கை முரட்டுத்தனமாக இருக்கிறது. விளக்கே வராமல் ஒரு நாள் முழுக்க ஓட்டினால் அப்புறம் பேசலாம்.

கேள்வி (தாராபுரம்): வண்டி சுழன்றுவிட்டால்?

கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுசாக மிதித்து, வண்டி நிற்கும்வரை விடாதீர்கள். இரண்டு சக்கரம் மட்டும் மண்ணில் இறங்கினால் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று உள்ளே திருப்பக் கூடாது. அப்படித் திருப்பித்தான் நிறையப் பேர் டிராக்கைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கம் போய் மோதுகிறார்கள். நேராகவே போய் வேகம் குறைந்தபின் ஏறுங்க. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மண்ணை வாரி டிராக்கில் போட்டிருக்கும். அதன்மேல் தூறல் விழுந்தால் முதல் சில நிமிஷம் சோப்புத் தண்ணீர் மாதிரிதான்.

கேள்வி (அன்னூர்): அப்பாவுக்கு 58 வயது. அவரும் ஓட்ட ஆசைப்படுகிறார். என்ன கொண்டு வரணும்?

கூட்டிக்கொண்டு வாங்க. முழுமுகம் மூடும் ஹெல்மெட், மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ, முழுக்கைப் பருத்திச் சட்டை, ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர். டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, தரையில் கிடக்கும் பாட்டில், எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிடணும். பெடலுக்கடியில் ஒரு பாட்டில் உருண்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்க. ஐந்தாறு லேப்புக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம், கடைசி லேப்பைப் பிரேக்கே மிதிக்காமல் மெதுவாக ஓட்டி வண்டியை ஆற விடுங்க. பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது, சூட்டில் பேடு டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுங்க.