டு லெட் பலகையும் ஒரு முக்காடும்: வாசகர் கேள்வி பதில்

பி.எஸ்சி. முடித்திருக்கிறேன். பிளஸ் டூ படிக்கும்போது நானாகத்தான் ஹிஜாப் போட ஆரம்பித்தேன், அம்மா இன்றைக்கும் சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வதோடு சரி. போன மாதம் ஒரு நேர்காணலில், கேள்வி கேட்டவர் எல்லாம் நன்றாகப் பேசிவிட்டு, கடைசியில் "இதைக் கழற்றிட்டு வர முடியுமாம்மா, கஸ்டமருங்க ஒரு மாதிரி நினைப்பாங்க" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்?
– ஒரு வாசகி, மேலப்பாளையம்

பதில் சொல்லத் தெரியாமல் வந்ததில் உங்கள் தப்பு எதுவும் இல்லைம்மா, அந்தக் கேள்வியைக் கேட்டவர்தான் தலைகுனிய வேண்டும். அடுத்த முறை யாராவது இப்படிக் கேட்டால், "இந்த வேலையில் எந்த இடத்தில் இது தடையாக இருக்கும் சார்?" என்று நிதானமாகத் திருப்பிக் கேளுங்கள். மெஷின் ஓடுகிற இடம், தொங்குகிற துணி ஆபத்து என்றால் அது நியாயமான பேச்சு, துணியை உள்ளே செருகிக்கொள்ளலாம், தொப்பி போட்டுக்கொள்ளலாம், வழி இருக்கிறது. ஆனால் கஸ்டமர் என்ன நினைப்பார் என்பதற்கு நீங்கள் எப்படிப் பொறுப்பு? சட்டம் முழுக்க உங்கள் பக்கம் நிற்கிறது என்று சொல்லி ஏமாற்றவும் எனக்கு மனமில்லை. அரசியல் சட்டத்தின் 15, 16ஆம் பிரிவுகள் மத பேதம் காட்டக்கூடாது என்று அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்துகின்றன, தனியார் முதலாளி வேலை கொடுக்காமல் விட்டால் அதைத் தட்டிக் கேட்க நம் நாட்டில் முழுமையான சட்டம் இன்னும் வரவில்லை.

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி கீழக்கரைக்காரி. காலையில் கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு குண்டூசியைப் பல்லில் கடித்தபடி, துணியைத் தாடைக்குக் கீழே ஒரு மடிப்பு மடித்து ஊசியைக் குத்துவாள், அரை நிமிஷ வேலை. அந்த அரை நிமிஷத்திலும் என்னிடம் பாடத்தில் சந்தேகம் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். பல வருஷம் கழித்து சென்னையில் அவள் வாடகை வீடு தேடியபோது நானும் கூடப் போனேன். ஃபோனில் நான் பேசியபோது "வந்து பாருங்க, பெயின்ட்கூட புதுசா அடிச்சிருக்கு" என்ற வீட்டுக்கார அம்மா, வாசலில் அவளைப் பார்த்ததும் கேட்டைப் பாதி திறந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, "காலையிலதாம்மா வேற ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனாங்க" என்றார். டு லெட் பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் நான் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன். வீடு காலியாகத்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவளுக்கு வரவில்லை. "உனக்கு இது முதல் வீடுடி, எனக்கு நாலாவது" என்றாள். அதனால்தான் சொல்கிறேன், உங்களை அந்த அறையில் உட்காரவைத்து அப்படிக் கேட்டதை என்னால் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பள்ளியில் எல்லாரும் சமம் என்பதற்குத்தானே சீருடை? கர்நாடக நீதிமன்றமே ஹிஜாப் கூடாது என்று சொல்லிவிட்டதே, அப்புறம் என்ன விவாதம்?
– ஒரு வாசகர், சேலம்

தீர்ப்பு அத்தோடு முடியவில்லை சார். 2021 கடைசியில் உடுப்பி அரசு பி.யூ. கல்லூரியில் (நம் ஊர் பிளஸ் டூ மாதிரி) சில மாணவிகளை ஹிஜாபோடு வகுப்புக்குள் விடாததில் ஆரம்பித்த விவகாரம் அது. 2022 பிப்ரவரியில் மாநில அரசு சீருடை ஆணை போட்டது, மார்ச் 15ஆம் தேதி உயர் நீதிமன்றம், ஹிஜாப் இஸ்லாத்தில் அத்தியாவசியமான கடமை இல்லை என்று சொல்லி ஆணையை ஏற்றது. ஆனால் அக்டோபர் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். ஹேமந்த் குப்தா தடை சரி என்றார். சுதான்ஷு துலியா, இது அந்தப் பெண்ணின் விருப்பம் சம்பந்தப்பட்டது, ஹிஜாப் போட்டாள் என்பதற்காகப் படிப்பை மறுத்து அவள் வாழ்க்கையை நாம் மேலாக்குகிறோமா என்று கேட்டார். என் மனசில் நிற்பது இந்தக் கேள்விதான். கேட்டுக்கு வெளியே நிற்கிற பிள்ளைக்கு எந்தச் சமத்துவத்தைக் கொடுத்தோம்? அந்த மாணவிகள் சீருடையை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. சீருடைத் துப்பட்டாவின் நிறத்திலேயே தலையை மூடிக்கொள்கிறோம் என்றுதான் நீதிமன்றத்தில் கேட்டார்கள். திருநீறு பூசிய பிள்ளையும் சிலுவை டாலர் போட்ட பிள்ளையும் நம் ஊர் வகுப்புகளில் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள், பாடம் நின்றுபோகவில்லை.

மனசிருந்தால் வழி எவ்வளவு சுலபம் என்பதற்கு 2015ல் கேரளாவில் நடந்ததைப் பாருங்கள். மருத்துவ நுழைவுத் தேர்வில் காப்பியடிப்பதைத் தடுக்க வந்த உடைக் கட்டுப்பாட்டால் முக்காடு போட்டு எழுத முடியாத நிலை, இரண்டு மாணவிகள் நீதிமன்றம் போனார்கள். அரைமணி நேரம் முன்னதாக வந்துவிடுங்கள், பெண் கண்காணிப்பாளர் சோதித்துக்கொள்ளட்டும், தேர்வை எழுதுங்கள் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு அரைமணி நேரம், அவ்வளவுதான்.

ஹிஜாப், புர்கா, நிகாப் எல்லாம் ஒன்றுதானே?
– ஒரு வாசகர், ஈரோடு

இல்லை. தலைமுடி, காது, கழுத்தை மூடி முகம் தெரியும்படி கட்டுவது ஹிஜாப். கண் மட்டும் தெரிய முகத்தை மறைப்பது நிகாப். உடம்பு முழுக்கப் போர்த்தும் அங்கியை நம் ஊரில் புர்கா என்கிறோம். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்துப் பெரியம்மாக்கள் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு வருவார்கள், யாரும் அதைப் பிரச்சினையாக்கிப் பார்த்த ஞாபகம் எனக்கில்லை.

தமிழ்நாட்டில் இதெல்லாம் இல்லையே, எதற்காக அடிக்கடி எழுதுகிறீர்கள்?
– ஒரு வாசகி, சிதம்பரம்

இல்லாமல் இருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். 2022 உள்ளாட்சித் தேர்தலில் மதுரை மேலூரில் ஹிஜாபோடு ஓட்டுப் போட வந்த பெண்ணைப் பார்த்து ஒரு கட்சியின் பூத் ஏஜென்ட் ஆட்சேபித்தார். 2023 மார்ச்சில் வேலூர் கோட்டைக்கு வந்த பெண்களை ஒரு கும்பல் மறித்து, ஹிஜாபைக் கழற்றச் சொல்லி வீடியோ எடுத்துப் பரப்பியது. அதே வருஷம் நாகை மாவட்டம் திருப்பூண்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில், ராத்திரிப் பணியில் இருந்த பெண் மருத்துவரிடம் ஒருவர் போய் ஏன் ஹிஜாப் போட்டிருக்கிறீர்கள் என்று தகராறு செய்தார். அதோடு இதையும் சொல்ல வேண்டும்: மேலூரில் மற்ற கட்சி ஏஜென்ட்கள் எதிர்த்து நின்றதில் அந்த ஏஜென்ட்டை வெளியே அனுப்பினார்கள், வேலூரில் 7 பேர் கைதானார்கள், திருப்பூண்டியில் மருத்துவருக்காக ஊர்க்காரர்கள் போராட்டம் நடத்தினார்கள். இந்தக் குணம் நமக்குப் புதிதில்லை. திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையை ஆட்டோக்காரர்கள் இன்றைக்கும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதானே சொல்கிறார்கள்? கோஷா என்றால் பர்தா. ஆண் டாக்டரிடம் போகத் தயங்கி வீட்டுக்குள்ளேயே பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்த பெண்களுக்காக 1885ல் மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவர் தொடங்கியது அது. பர்தாவை விட்டுவிட்டு வா, வைத்தியம் பார்க்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் எத்தனை தாய்மார்கள் பிழைத்திருப்பார்கள்?

பெண்ணுரிமை பேசும் நீங்களே இதை ஆதரிக்கலாமா? ஈரானில் பெண்கள் ஹிஜாபைத் தெருவில் போட்டு எரித்தார்களே!
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

எரித்தார்கள், அவர்கள் பக்கம்தான் நானும் நிற்கிறேன். 2022 செப்டம்பரில், ஹிஜாபைச் சரியாகப் போடவில்லை என்று பிடித்துக்கொண்டு போன மாஷா அமினி, 22 வயசுப் பெண், காவலில் விழுந்து மூன்றாவது நாள் இறந்துபோனார், அந்தக் கோபத்தில்தான் எரித்தார்கள். ஆனால் அதே ஈரானில் 1936ல் ரேசா ஷா முக்காட்டுக்கே தடை போட்டார், போலீஸ் தெருவில் பெண்களின் தலைத்துணியைப் பிடுங்கியது, வெளியே வரக் கூசி எத்தனையோ பெண்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். பிடுங்கியதும் போலீஸ், போடச் சொல்லி அடித்ததும் போலீஸ். இரண்டு முறையும் அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. நம் ஊரிலும் அத்தாவுக்கும் அண்ணனுக்கும் பயந்து போடுகிற பெண்கள் இருக்கிறார்கள், எனக்கே தெரியும். அவர்களுக்குப் படிப்பும் கையில் சம்பளமும் வேண்டும், வேண்டாம் என்று சொல்கிற தைரியம் அதிலிருந்துதான் வரும். காலேஜ் கேட்டிலும் இன்டர்வியூ அறையிலும் நாம் திருப்பி அனுப்பினால் அவள் எங்கே போவாள், அதே வீட்டுக்குத்தானே?

எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண் ஹிஜாப் போடுகிறாள். மதியம் தனியாகவே சாப்பிடுகிறாள். பேசலாம் என்று தோன்றும், தப்பாக ஏதாவது கேட்டுவிடுவேனோ என்று பயம்.
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

துணியைப் பற்றிக் கேட்காதீர்கள், அதை அவள் ஆயிரம் பேரிடம் சொல்லிச் சலித்திருப்பாள். எந்த பஸ்ஸில் வருகிறாள், யார் சமைத்தது, மேனேஜர் ஏன் இன்றைக்குக் கத்தினார், இதையெல்லாம் பேசுங்கள். நோன்பு மாதமாக இருந்தால் டிபன் பாக்ஸை அப்போதைக்கு வெளியே எடுக்காமல், சும்மா போய் உட்காருங்கள். மற்ற நாட்களில் உங்கள் டிபன் பாக்ஸை அவள் மேஜைக்கே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். அப்புறம் என்ன ஆச்சு என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.